நூலுக்கு மேல் ஒரு வரி

நெடுஞ்செவலில் அந்த ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் நிலத்திலிருந்து முதலில் மேலெழுந்தது கம்பும் அன்று, உளுந்தும் அன்று, சுவர்.

ஊருக்குத் தெற்கே, புறவழிச்சாலைக்காக எல்லைக்கல் நட்டுப் போட்டிருந்த செம்மண் காட்டில், சாலை போடும் பொறிகள் வந்து இறங்குவதற்குள் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்து எழுதிவிடும்படி தொல்லியல் துறை அனுப்பி வைத்த கோமதிநாயகி, கயிறு பிடித்துச் சதுரம் சதுரமாகக் குழி வகுத்து, கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை விலக்கி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மக்கள் குடியிருந்த தெரு ஒன்றின் அடிச்சுவர்களை வெளியே கொண்டுவந்திருந்தார். கொத்தனார்கள் வரி என்று சொல்லும் செங்கல் அடுக்கில் இரண்டு வரி, சில இடங்களில் மூன்று வரி, அவ்வளவுதான் மிச்சம். ஒவ்வொரு கல்லும் இக்காலத்துச் செங்கல்லைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீளம். ஒவ்வொன்றின் முதுகிலும், ஈரம் காயுமுன் எவரோ இரண்டு விரல்களை இழுத்துவிட்ட வளைந்த தடம். அந்தத் தடத்தில் தம் இரண்டு விரல்களையும் பொருத்திப் பார்த்துவிட்டு, அளவெடுத்து, படம் வரைந்து, தார்ப்பாயால் மூடிவிட்டு விடுதிக்குத் திரும்பிய கோமதிநாயகி மறுநாள் காலையில் பாயை விலக்கியபோது, எல்லாச் சுவர்களும் ஒரு வரி உயர்ந்திருந்தன.

"யார் வச்சது இது?" என்று கேட்டார்.

குழிகளில் வேலை செய்த பெண்களுக்கெல்லாம் தலைவிபோல் இருந்த சண்முகக்கனி இடுப்பில் கைவைத்துச் சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "நாங்க வைக்கல மேடம். எங்க ஊர்க் கொத்தன் ஒரு வரி வச்சாம்னா அதுல ரெண்டு கல்லு கோணிக்கிட்டுதான் நிக்கும். இது சீராவுல்லா இருக்கு."

நெடுஞ்செவல் வியப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான். அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் செய்தி தெரிந்துவிட்டது. தெரிந்த மறுகணமே அது பழைய செய்தியாகியும் விட்டது. மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வருகிறது, மண்ணை எடுத்தால் சுவர் வருகிறது, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் அவரவர் ஆட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்கள். வியப்பையும் கடந்து எரிச்சல் அடைந்தவர் ஊரிலேயே ஒருவர்தாம். முன்தினம் தாம் வரைந்த படத்தில் இல்லாத ஒரு செங்கல், மறுநாள் தம் கண்முன்னே சுவரில் இருப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கண்டெடுத்தது கண்டெடுத்தபடியே இருக்க வேண்டும். அதில் ஒரு துகள் கூடினாலும் அது சான்று அன்று, சோடனை என்பது அவர் தம் வேலையில் ஒருநாளும் தளர்த்தாத விதி.

அந்த விதியை அப்போது அவர் இன்னும் இறுகப் பற்றிக்கொள்வதற்குக் காரணம் இருந்தது. சாலைப் பொறியாளர் ரெஜினால்டு, வெயிலில் கறுத்துப்போன, யாரையும் நோகப் பேசத் தெரியாத மனிதர், வந்த முதல்நாளே அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார். "மேடம், பங்குனியில ஒரு குழு வரும். மூணு பேரு. இங்க ஒரு தெரு இருக்கு, காப்பாத்தணும்னு அவங்க எழுதிட்டா, நான் ரோட்டை அப்படியே ஊருணிப் பக்கமா வளைச்சிருவேன். வளைவுக்குப் படம்கூட போட்டு வச்சிருக்கேன். எழுதலன்னா நேராத்தான் போகும். என் கையில ஒண்ணும் இல்ல."

நேராகப் போனால் அந்தத் தெரு தாருக்கடியில் நசுங்கிவிடும். வளைந்து போனால் பிழைக்கும். எனவே வளர்ந்த சுவரைக் குழு பார்த்துவிட்டு, இந்த அம்மாள் தாமே கட்டி வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற ஒரே அச்சம் கோமதிநாயகியைப் பிடித்துக்கொண்டது. அன்றே அவர், முதல்நாள் கண்ட உயரத்தில் சுவர்களைச் சுற்றி வெள்ளை நூல் கட்டினார். மட்டம் பார்த்து, ஆணி அடித்து, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டிவிட்டு எல்லோரையும் கூட்டி நிறுத்திச் சொன்னார்: "நூலுக்குக் கீழ இருக்கிறது மட்டும்தான் பழசு. மேல வர்றது நம்மளுது இல்ல. தினமும் காலையில முதல் வேலை, மேல வந்ததை எடுத்துடணும்."

அதன்பின் அந்தக் காட்டின் விடியல் அப்படியே அமைந்தது. சுவர் ஒரு வரி வளரும். பெண்கள் வந்து பாயை விலக்கி, நூலுக்கு மேலே இருந்த வரியைக் கல் கல்லாகக் கழற்றி, தட்டில் அடுக்கி, ஒதுக்கு மண் கொட்டும் மேட்டில் கொண்டுபோய்ப் போடுவார்கள். மறுநாள் மீண்டும் ஒரு வரி. மீண்டும் கழற்றல். கழற்றுகிறவர்களுக்கும் சலிக்கவில்லை, வளர்கிறதற்கும் சலிக்கவில்லை. இடையில் நின்று நூலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் ஒவ்வொரு காலையிலும் சலித்தது.

ஒரு நாள் ஊராட்சித் தலைவர் தவசிமுத்து, வெள்ளைத் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, மேட்டில் குவிந்து கிடந்த செங்கற்களை ஆசையோடு பார்த்தபடி வந்து நின்றார்.

"மேடம், அந்தக் கல்லெல்லாம் என்ன செய்யப் போறீய?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. அது பழசு இல்ல. நேத்து வந்தது."

"நேத்து வந்த கல்லுன்னா எங்களுக்கு ஆவும்லா? மேடத்துக்குப் பழசு வேணும். எங்களுக்குப் புதுசு போதும்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. நூலுக்குக் கீழ கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"நூல் பக்கமே வரமாட்டோம். நாங்க என்ன எழவு ஆட்டுக்குட்டியா, கண்டதையும் மேய?"

கோமதிநாயகியின் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஊர் காத்திருந்ததுபோலும். மறுநாளே சைக்கிளிலும் தலைச்சுமையிலும் டிராக்டரிலும் செங்கற்கள் நெடுஞ்செவலுக்குள் நுழைந்தன. பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு, கதவு வைக்காமலேனும், சுவர் எழுந்தது. பூச்சிக்குட்டியின் ஆட்டுக்கிடைக்கு மதில் வந்தது. தேநீர்க்கடை அடுப்பு இடிந்து விழும் நிலையிலிருந்து தப்பித்து அகலமாக அமர்ந்தது. கூட்டுக் குடிநீர்த் தொட்டிக்குப் பீடம், நியாய விலைக் கடைக்குப் படி, சுடலைமாடனுக்கு முன்னைவிட ஒரு முழம் உயர்ந்த மேடை, பேருந்து நிற்கும் இடத்தில் நிழற்குடையும் அதனுள்ளே பூச்சு பூசாத நீண்ட திண்டும், இவை யாவும் கோமதிநாயகி பழசு இல்லை என்று தள்ளிய கல்லால் எழுந்தன. ஊருக்குள் போன கல் வளரவில்லை. எந்தக் கல்லும் போல வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அது வளராததைப் பற்றியும் எவரும் வியக்கவில்லை. வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் கொஞ்ச நாள் அடங்கித்தானே இருப்பாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

சுவரைக் கட்டுகிறவர்களுக்கு ஊரார் கீழூர்க்காரர்கள் என்று பெயரிட்டார்கள். அவர்களைக் கண்டவர் எவரும் இல்லை. போய்ப் பார்க்கலாம் என்று எவருக்கும் தோன்றியதும் இல்லை; பக்கத்து வீட்டில் வேலை நடந்தால் எட்டிப் பார்ப்பது முறையன்று என்பது நெடுஞ்செவலில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கட்டுகிறவர்களுக்குத் தாகம் எடுக்குமே என்று சாயங்காலந்தோறும் ஒரு குடம் தண்ணீர் மட்டும் குழியோரம் வைக்கப்பட்டது. கல்யாணம் என்றால் மஞ்சள் தடவிய அழைப்பிதழ் ஒன்று வெற்றிலை பாக்குடன் சுவர்மேல் வைக்கப்பட்டது. அதைக் கண்ட கோமதிநாயகி, அகழாய்வுக் குழிக்குள் இக்காலப் பொருள் எதுவும் விழக் கூடாது என்று அழைப்பிதழை எடுத்து வெளியே வைத்தார். அதனால் கல்யாணத்துக்கு அவரே வர ஒப்புக்கொண்டார் என்று ஊர் எண்ணி, முதல் பந்தியில் இடம்போட்டுக் காத்திருந்தது.

சுவருக்கு ஓய்வு நாள்களும் உண்டு என்பதை ஊர்தான் முதலில் கண்டுகொண்டது. அமாவாசையன்று சுவர் வளராது. மார்கழி முழுவதும் ஒரு கல்கூட மேலே வரவில்லை. வீட்டு வேலைக்கு ஆகாத மாதம் அல்லவா. கோமதிநாயகி அந்த மாதம் முழுவதும் மனநிறைவோடு இருந்தார். தொல்லை ஒழிந்தது என்று நம்பித் தலைமையகத்துக்கு ஓர் அறிக்கையும் அனுப்பினார். தைப்பொங்கல் அன்று காலையில், பொங்கல் பானைக்கு முன்னதாகவே சுவர் ஒரு வரி பொங்கியிருந்தது. தலைமையகத்திலிருந்து, தங்கள் அளவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, திருத்தி அனுப்புக என்று பதில் வந்தது. எதைத் திருத்துவது? அளவு சரி, சுவர்தான் தவறு. திருத்தாமலே மீண்டும் அனுப்பினார். அதே பதில் மீண்டும் வந்தது.

இன்னொரு நாளும் சுவர் வளரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஆள் நேரில் போக வேண்டும். போய் வாசலிலே நின்று, உட்காராமல், கொடுத்த தண்ணீரையும் குடிக்காமல், செய்தியை மட்டும் சொல்லித் திரும்ப வேண்டும். அதற்குத் துட்டி சொல்வது என்று பெயர். மாசியில் தவசிமுத்துவின் சித்தப்பா இறந்தபோது, துட்டி சொல்லப் போன ஆள் மறக்காமல் காட்டுக்கும் வந்து, குழியோரம் நின்று, "மூக்கையா போயிட்டாவ" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் நூலுக்கு மேலே ஒரு கல்லும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இல்லை.

"மரியாதை தெரிஞ்சவங்க," என்றாள் சண்முகக்கனி. "மேடம், குழு வரும்போது சுவர் வளராம இருக்கணும்னா சொல்லுங்க, நம்ம ஊர்ல யாரையாவது சாவச் சொல்லுவோம். எங்க மாமியா ரெடியாத்தான் இருக்காவ. அவியளுக்குத்தான் மனசு வரல."

"வேலையைப் பாரு சண்முகக்கனி."

"பாத்துக்கிட்டுதான மேடம் இருக்கேன். எம்புட்டு வேலை பாத்தாலும் காலையில வந்தா நேத்து இருந்த மாதிரியேல்லா இருக்கு. இந்த மாதிரி ஒரு வேலையை நான் பாத்ததே இல்ல."

அவள் சொன்னதில் இருந்த உண்மை கோமதிநாயகியை உறுத்தியது. உறுத்தல் தாங்காமல் அவர் ஒரு காரியம் செய்தார். நூலுக்குக் கீழிருந்து ஒரு கல், மேலே வந்த வரியிலிருந்து ஒரு கல், இரண்டையும் தனித்தனியே பொதிந்து, காலக்கணிப்பு செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். மேலது நேற்றையது என்று அறிவியல் சொல்லிவிட்டால், தாம் நாள்தோறும் அதைக் கழற்றியது சரி என்று ஆகிவிடும். அந்த ஆறுதலாவது வேண்டியிருந்தது. மேலே வந்த கல்லிலும் அதே இரண்டு விரல் தடம் இருந்ததை அவர் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டார். பார்த்தும், பார்த்ததாக எங்கும் எழுதவில்லை.

பங்குனியில் குழு வந்தது. மூவரில் மூத்தவர் தொப்பி அணிந்திருந்தார். மற்ற இருவரும் அவர் தலையசைக்கும் திசையில் தலையசைத்தனர். அன்று விடியுமுன்னரே பெண்கள் வந்து நூலுக்கு மேலே இருந்ததை எல்லாம் கழற்றி, தூரிகையால் துடைத்து, குழிகளின் விளிம்புகளைக் கத்தியால் வெட்டியதுபோல் சீவி வைத்திருந்தார்கள். ஓர் அகழாய்வுத் தளம் அத்தனை ஒழுங்காக இருந்து தாம் கண்டதில்லை என்று தொப்பிக்காரரே சொன்னார். சொல்லிவிட்டு, கணுக்காலளவு நின்ற சுவர்களை நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் அடித்தளம்தானே அம்மா. தெரு எங்கே?"

"இந்த அடித்தளங்களின் அமைப்பைப் பார்த்தாலே தெரு இருந்தது தெரியும் ஐயா."

"இருந்திருக்கும் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு வலியுறுத்திச் சொல்பவர் நீங்கள்தாம்."

அது கோமதிநாயகியின் வாக்கியமே. ஓராண்டு, ஈராண்டு அன்று. வேலைக்கு வந்த நாள் முதலாக அவர் அதைச் சொல்லி வந்திருக்கிறார்.

குழிக்குள் நின்ற சண்முகக்கனிக்குப் பொறுக்கவில்லை. "சார், நாளைக்குக் காலையில வந்து பாருங்க, இன்னும் ஒரு வரி இருக்கும். ஒரு மாசம் தங்குனீங்கன்னா சன்னல் வரைக்கும் வந்திரும். அடுத்த வருசம்னா நீங்க குடியே வரலாம்."

தொப்பிக்காரர் சிரித்தார், ஏளனமாக அன்று, களைத்துப் போன மனிதர் சிரிப்பதுபோல. "வளர்ந்தால் அது புதுச் சுவர் தாயி. புதுச் சுவரைக் காப்பாற்ற எங்களை யாரும் அனுப்பவில்லை."

பதிவு செய்துவிட்டு இடத்தைச் சாலைக்கு ஒப்படைக்கலாம் என்று குழு எழுதிவிட்டுப் போயிற்று. தூசி அடங்கிய பிறகு, கரண்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டியபடி சண்முகக்கனி சொன்னாள்: "விட்டிருந்தா இன்னேரம் மச்சு வரைக்கும் வந்திருக்கும் மேடம்." கோமதிநாயகி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்வதற்கான வாக்கியம் அவரிடம் இருந்தது. அதற்கு எழுவாய் யார் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஆய்வகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

"மேடம், ரெண்டு கல் அனுப்பியிருந்தீங்க. சீட்டு மாறிப்போச்சோன்னு சந்தேகப்பட்டு மறுபடியும் செஞ்சு பாத்துட்டோம். ரெண்டும் ஒரே காலம். ஒரே சூளையில ஒண்ணா வெந்ததுன்னே சொல்லலாம். எதுக்காக ரெண்டு தனித்தனியா அனுப்புனீங்க?"

"தெரியாமத்தான்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

நேற்று வந்தது நேற்றையது அன்று. நாள்தோறும் காலையில் முதல் வேலையாக அவர் கழற்றித் தள்ளியது சோடனை அன்று, தெரு. நிற்க முயன்ற தெருவை, ஒரு வரி எழுந்தவுடன் ஒரு வரியாக, மட்டம் பார்த்து, நூல் பிடித்து, ஒழுங்காகத் தரையோடு வைத்திருந்தவர் அவரே.

அன்று மாலையே ஊருக்குள் போனார். தொப்பிக்காரரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியும் ஆயிற்று. சுவரில் இருந்தால் தெரு, கழிப்பறையில் இருந்தால் கழிப்பறை என்று அவர் மறுத்தும் ஆயிற்று. ஆகவே கற்களைத் திரும்பப் பெற்று மீண்டும் சுவரில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்று கிளம்பினார். தேநீர்க்கடைக்காரர் கொதிக்கும் பாலைக் காட்டி, "இப்ப அடுப்பப் பேத்தா ராத்திரி ஊரு முழுக்கக் கொட்டாவி விடும் மேடம்" என்றார். பூச்சிக்குட்டி, ஆட்டைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றாள். சுடலைமாடன் மேடையைப் பற்றிக் கேட்பதற்குள்ளாகவே பூசாரி, கேட்டது நீங்கள் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்றார். கடைசியில் தவசிமுத்து, நிழற்குடைத் திண்டில் அவரை உட்காரவைத்துச் சோடா உடைத்துக் கொடுத்தார்.

"நீங்கதான மேடம் புதுசுன்னு சொல்லிக் குடுத்தீய? இப்பப் பழசுன்னு சொல்லுதீய. ரெண்டையும் நாங்க நம்புதோம். ஆனா குடுத்துட்டு வாங்குனா, குடுத்த வீட்டுக்கும் ஆவாது, வாங்குன வீட்டுக்கும் ஆவாது. சோடாவக் குடிங்க, வாயு போயிரும்."

எவருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. அதுதான் அவரை மிகுதியாக வதைத்தது. ஒருவராவது சண்டை பிடித்திருந்தால் பதிலுக்குச் சண்டை பிடித்திருக்கலாம்.

மறுநாள் முதல் மேலே வந்ததைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுவர்கள் ஒரு வரி, இன்னொரு வரி என்று எழுந்தன, முழங்காலுக்கு வந்தன, வாசல் எது, அறை எது என்று தெரிந்தது, ஓர் இடத்தில் மாடக்குழி ஒன்றின் கீழ்விளிம்பு வளையத் தொடங்கியது. ரெஜினால்டு தம்மால் ஆன மட்டும் பொறிகளை நிறுத்தி வைத்தார். பழுது என்றார், ஓட்டுநருக்கு அம்மை என்றார். "இன்னைக்கு டீசல் வரலன்னு சொல்லிட்டேன் மேடம். நாளைக்கும் சொன்னா என்னையே மாத்திருவாங்க. மாத்துனா வர்றவன் உங்ககிட்டச் சொல்லிட்டுக்கூடச் செய்யமாட்டான்." சுவர் இடுப்பளவுக்கு எழுந்தபோது பொறிகள் வந்தன. கோமதிநாயகி முன்னால் போய், ஆணிகளைப் பிடுங்கி, நூலை அவிழ்த்து, அறுந்துவிடாமல் கையில் சுற்றிக்கொண்டார். மட்டம் தட்டும் வேலை முற்பகலுக்குள் முடிந்துவிட்டது. அங்கே ஒரு காலத்தில் குழி இருந்தது என்பதற்குக்கூட அடையாளம் இல்லாதபடி நன்றாக முடிந்தது.

பெண்கள் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

"யாரு சொல்லணும்?" என்றாள் சண்முகக்கனி.

"எதை?"

"துட்டி. ஊருக்குள்ள இருக்க கல்லுக்கெல்லாம் தெரியணும்லா. அந்த வீட்டுச் சொந்தக்காரங்கதான் சொல்லணும். நாங்க பக்கத்து ஊரு. அவியளுக்கு இங்க சொந்தம்னா நீங்க ஒராளுதான மேடம்."

வேறொரு நாளாக இருந்தால் கோமதிநாயகி, இதெல்லாம் என்ன பேச்சு என்று கேட்டிருப்பார். அன்று அவருக்கு அதில் ஒரு முறைமை தெரிந்தது. முடிந்துபோன ஒன்றை முடிந்தது என்று உரிய இடத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விடுவது ஒழுங்கன்று. அலுவலகம் எதுவும் அவர் சொல்லை ஏற்கவில்லை. ஏற்பவரிடமாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று, நூல் சுற்றிய கையோடு ஊருக்குள் நடந்தார்.

முதலில் தேநீர்க்கடை. கடைக்காரர் வழக்கம்போல் பலகையைத் துடைத்து, "உக்காருங்க மேடம்" என்று தேநீரை நீட்டினார். அவர் உட்காரவில்லை. தேநீரையும் வாங்கவில்லை. நீட்டிய கை நின்றது. ஒரு நொடியில் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக் குவளையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோமதிநாயகி அடுப்பைப் பார்த்து, தமக்குப் பழக்கமில்லாத அந்த ஊர்ப் பேச்சில், "கீழூர் போயிட்டு" என்றார். கடைக்காரர் குனிந்து விறகை வெளியே இழுத்து அணைத்தார்.

பள்ளிக்கூடத்துக் கழிப்பறையிடம் சொன்னார். ஆட்டுக்கிடை மதிலிடம் சொன்னார். ஆடுகள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. தண்ணீர்த் தொட்டிப் பீடத்திடமும், நியாய விலைக் கடைப் படியிடமும், செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடலைமாடன் மேடையிடமும் சொன்னார். எந்த வாசலிலும் உட்காரவில்லை. வெயில் கொளுத்தியது, எவரும் தண்ணீர் தரவில்லை, தந்தால் குடிக்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். நிழற்குடைக்கு வந்தபோது "கீழூர் போயிட்டு" என்று இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. முதல்முறை அவருக்கே கேட்கவில்லை.

நெடுஞ்செவல் முறையாகத் துக்கம் காத்தது. தேர் இழுப்பு தள்ளி வைக்கப்பட்டது. நிச்சயித்திருந்த ஒரு காதுகுத்து சித்திரைக்குப் போயிற்று. காரியத்தன்று, இறந்தவர்க்கு வாரிசு யாரோ அவர் தலையில் உருமால் கட்ட வேண்டுமே, இங்கே வாரிசு யார் என்று பெரிய வழக்கு எழுந்தது. அதிகக் கல் வாங்கியது பள்ளிக்கூடம் என்றார் ஒருவர். கழிப்பறைக்கு உருமால் கட்டி ஊர் சிரிக்கவா என்றார் மற்றொருவர். சுடலைமாடனுக்கு ஏற்கெனவே தலைப்பாகை உண்டு என்று பூசாரி விலகிக்கொண்டார். எல்லோரும் உட்காரும் இடம் என்பதால் நிழற்குடைத் திண்டே வாரிசு என்று தவசிமுத்து தீர்த்து வைத்து, தம் துண்டை எடுத்து அதைச் சுற்றிக் கட்டப் பார்த்தார். துண்டு எட்டவில்லை. இன்னொரு துண்டை முடிந்து பார்த்தார்கள், அப்போதும் எட்டவில்லை. கோமதிநாயகி தம் பையிலிருந்து வெள்ளை நூலை எடுத்துக் கொடுத்தார். அது திண்டின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட மிச்சமும் இருந்தது. அதன்பின் அந்தத் திண்டிலேயே எல்லோரோடும் அமர்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, இலையை மடியில் வைத்துக் காரியச் சோறு உண்டார்.

மறுநாள் காலையில் அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார். அறிக்கையை முடித்துவிட்டார், சில அடிச்சுவர்கள், கணுக்காலளவு உயரம் என்று எழுதியிருந்தார், ஒரு பிழையும் இல்லாத, ஓர் உண்மையும் இல்லாத அறிக்கை. ஊருக்குள் சிதறிக் கிடப்பதைப் பற்றி எழுத அதில் இடம் இல்லை. தெற்கே தார் காய்ச்சும் புகை எழுந்துகொண்டிருந்தது. சாலை நேராகத்தான் வந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பேருந்துக்காக நிழற்குடைத் திண்டில் ஏறி அமர்ந்தார். ஏறித்தான் அமர வேண்டியிருந்தது. ஏன் ஏறினோம் என்று அவர் எண்ணிப் பார்த்தது அமர்ந்த பிறகுதான்.

சாலை வேலைக்குச் சட்டியும் கையுமாகப் போய்க்கொண்டிருந்த சண்முகக்கனி அவர் முன்னே நின்றாள். அவரைப் பார்க்கவில்லை; திண்டைப் பார்த்தாள். வெள்ளை நூல் நேற்றுக் கட்டிய இடத்தில் தொய்வில்லாமல் இருந்தது. அதற்கு மேலே, விரல் தடங்களோடு, ஒரு வரி.

"நூலுக்கு மேல வந்திருக்கே மேடம்," என்றாள். சட்டியைத் தரையில் வைத்தாள். "எடுத்திரவா?"

கோமதிநாயகி கையைக் கீழே விட்டு, தாம் அமர்ந்திருந்த கல்லின் விளிம்பைத் தடவினார். இரண்டு விரல்கள் தடத்தில் பொருந்தின.

"உனக்கு வேலைக்கு நேரம் ஆகல?"

"ஆவுதுதான்," என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். ஆட்டுக்கிடைப் பக்கமிருந்து பூச்சிக்குட்டி, மதில் உயர்ந்துவிட்டதால் உள்ளே எப்படிப் போவது என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள். பேருந்து இன்னும் வரவில்லை. பள்ளி மாணவி ஒருத்தியைப்போல், கோமதிநாயகி தரைக்கு எட்டாத தம் கால்களை மெல்ல ஆட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்.